விருந்தாளியின் நினைவகம்

பாயான் லெப்பாஸ், மூன்றாம் மாடி, இரவு ஒன்றரை.
சோதனை மேசையில் மூடி கழற்றிய கைப்பேசி.
அதற்குள் இன்னொரு கைப்பேசி ஓடுகிறது,
உடம்பில்லாமல்.

வீட்டுக்காரன் இடம் தருகிறான், மின்சாரம் தருகிறான்,
எழுப்புகிறான், நினைத்தால் கொன்றும் போடலாம்.
எட்டிப் பார்க்க மட்டும் முடியாது.
நானே வீட்டுக்காரனாகி எட்டிப் பார்த்தேன்.
அனுமதியில்லை.
இன்னொரு முறை தட்டினேன்;
தட்டிய நிரலையே வெட்டி வீசியது.
"பாஸ்" என்றான் ஹஃபிஸான், தே ஓ ஐஸை உறிஞ்சியபடி.
நான் தோற்றால்தான் இங்கே மதிப்பெண்.

சாவியை அங்கே யாரும் எழுதி வைப்பதில்லை.
முதலில் எழுந்தவன் அடுத்தவனை அளக்கிறான்.
அந்த அளவைத் தன் ரகசியத்தோடு பிசைந்து
புதிதாய் ஒன்று செய்து கையில் கொடுத்துவிட்டு
தன்னுடையதை அழித்துக்கொள்கிறான்.
வந்த வழி பிசகாதிருந்தால்
நேற்றைய அதே சாவி இன்றும் பிறக்கும்.

ஓர் எழுத்தை மாற்றிப் பார்த்தேன், ஒரே ஓர் எழுத்து.
எழுந்தது.
தானே பூட்டிய பெட்டியின் முன்
அடுத்த வீட்டுப் பிள்ளை போல நின்றது.

ஆறரைக்கு ஆலைப் பேருந்து.
ரெலாவ் அடுக்குமாடி, பதினோராம் தளம்,
ஓர் அறை, நானூற்றைம்பது வெள்ளி, தண்ணீர் உட்பட.
அமராவதி அக்கா நல்லவர்.
"பசியாறிட்டியா?" கேட்காத காலை கிடையாது.
எல்லா அறைக்கும் அவரிடம் ஒரு சாவி:
மழை வந்தால் ஜன்னல் சாத்த,
மறந்த மின்விசிறியை அணைக்க.

இன்று தலையணை உறைக்குள் கடிதம்
இரண்டாய் மடிந்து கிடக்கிறது.
நான் மூன்றாய் மடிப்பவள்.

அடுப்படியில் அக்கா மீகூன் பிரட்டுகிறார்.
கேட்காமலே முட்டையை உடைத்து ஊற்றுகிறார், இரண்டு.
என் முகத்தை அவர் பார்க்கவேயில்லை.
தின்றேன்.
உப்பு உறைப்பு எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

என்ன கடிதம் என்று
இந்த வரிக்குப் பின்னால் நீங்களும் தட்டுகிறீர்கள்.
கேட்கிறது.
அனுமதியில்லை.

பொடிப்பொடியாய்க் கிழித்துக் கழிவறையில் போட்டு
இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன்.
இனி அது எங்கும் இல்லை.
ஒவ்வொரு முறையும் என்னிலிருந்தே பிறந்தாக வேண்டும்,
நான் நேற்றைய நானாகவே எழுந்தால்.

திரைச்சீலையை இழுத்துவிட்டு
மாலை நான்குக்கு அலாரம் வைத்தேன்.