நான்காம் மாடி விளக்கு

கடைசிப் படகு போய்விட்டது.
ஆஸ்லோவுக்கும் எங்களுக்கும் நடுவே
இனி காலைவரை
வெறும் தண்ணீர்.

கூடார முளையை அடிக்கிறான் ஐவிண்ட்.
ஒரு சாண் இறங்கி, ணங்கென்று நிற்கிறது.
இந்தத் தீவின் நடுப்பாகம்
நகரம் எப்போதோ கொட்டிய குப்பை, மேலே புல்.
கிளறினால் ஒரு பீங்கான் சில்லு:
நீலப் பூவில் பாதி.
யார் வீட்டு அடுக்களையோ.
சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன்.

வாத்து எச்சங்களைத் தாண்டித் தாண்டிக்
குழாய்க்குப் போய்வருகிறேன்.
சாசேஜ் ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை.
பேச வேண்டும் என்றுதான் வந்தோம்.
உப்பு எடுத்துவந்தாயா என்பதோடு
நிற்கிறது பேச்சு.

அப்போதுதான் பார்த்தான்.
அக்கரைச் சரிவில், நான்காம் மாடியில்,
எங்கள் சமையலறை விளக்கு.
"கடைசியாகக் கிளம்பியது நீ."
"காபி போட்டது யார்?"
பதினோரு வருட வழக்கை
ஒற்றை பல்பின் கீழ் வைத்துப்
பதினொன்றரைவரை நடத்தினோம்.

தூக்கப்பைக்குள் புகுந்த பிறகும்
கூடார வாயின் ஜிப்பை அவன் இழுக்கவில்லை.
கொசு வரும் என்றேன்.
வரட்டும் என்றான்.
கொஞ்சம் கழித்து,
யாரோ நமக்காக விழித்திருக்கிற மாதிரி இருக்கு
என்றான்.

நான் பதில் சொல்லவில்லை.
காலை அவன் பக்கம் நீட்டினேன்,
குளிருக்கு.

ஜூன் மாதம். இருட்டென்பது இங்கே
இரண்டு மணிநேரக் கருநீலம்.
நான்கு மணிக்கு விழித்தபோது
அக்கரை ஜன்னல்கள் எல்லாவற்றிலும் வெயில்.
எங்களுடையது எதுவென்று
எண்ணி எண்ணிப் பார்த்தேன்.
எரிந்துகொண்டுதான் இருக்கும்.