ஏழாம் குளத்தின் கணக்கு

கென்ட் நகருக்கு வடக்கே,
பாப்லர் வரிசைக்கும் பீட்ரூட் வயலுக்கும் இடையில்
செங்கல்லுக்காகத் தோண்டிய பள்ளம்.
மண் வீடுகளாகிப் போய்விட்டது,
தண்ணீர் குடிவந்தது.
வரைபடத்தில் பெயரில்லை.
ஹில்டே அதை ஏழு என்பாள்.

ஜூன் மாதம். மழை விட்ட அரை மணி.
முழங்கால்வரை ரப்பர் காலணி,
தோளில் வலைக்கம்பு,
சட்டைப்பையில் கறுப்புப் பேனா.
பிடித்த ஊசித்தட்டானின் சிறகில்
மூச்சை அடக்கி ஓர் எண் எழுதுகிறாள்.
திருமணப் பதிவேட்டில்கூட
இத்தனை கவனமாக அவள் எழுதியதில்லை.

ஆண்கள் எல்லாம் ஒரே மாதிரி.
கறுத்த உடல், வால்முனையில்
அணைக்க மறந்த நீல விளக்கு.
குறிப்பேட்டில் அவர்களுக்கு ஒரே பத்தி போதும்.

பெண்களுக்குத்தான் இடம் பற்றவில்லை.
ஒருத்தி ஆணைப்போலவே நீலம்.
ஒருத்தி பாசிப் பச்சை.
ஒருத்தி துருப்பிடித்த ஆணி.
இளவயதில் இதுவும் இல்லை,
ஊதா, ரோஜா.
செவ்வாயன்று ரோஜாவாக இருந்த
முந்நூற்றுப் பன்னிரண்டு
அடுத்த திங்களுக்குள் துருவாகிவிட்டது.

தூண்டில் போட வந்த ஓடீல் கேட்டார்:
"இதில் எதுதான் சரியான நிறம்?"
மீனே இல்லாத குளத்தில்
பதினோரு வருஷமாகத் தூண்டில் போடுகிறவர்.
அவருக்குப் பதில் சொல்ல அவசரமில்லை.
எண்ணை எழுதி முடித்து, ஊதிக் காயவைத்து,
பறக்கவிட்டு,
"எந்த வருஷத்துக்கு?" என்றாள்.

விஷயம் இவ்வளவுதான்.
ஆணுக்குக் கண் பெரிது, பொறுமை சிறிது.
நேற்று எதை அதிகம் கண்டானோ
இன்று அதையே தேடுவான்.
பச்சை மலிந்த கோடையில்
பச்சையைக் கண்டால் பாய்ந்தான்,
ஒருமுறை கோரைத்தண்டின் மேலும்.
முட்டையிடக் குனிந்தவளை,
வாயில் பாதிக் கொசுவோடு இருந்தவளை,
சும்மா வெயில் காய்ந்தவளை
விடவில்லை.
பிடித்தால் மூன்று மணி நேரம், நாலு மணி நேரம்,
இரண்டு உடல் வளைந்து ஒரு கோணல் இதயம்.
வாழ்த்து அட்டைக்குப் படமெடுக்க வருகிறவர்கள்
அந்தக் கரையில்தான் மண்டியிடுவார்கள்.
ஹில்டே அதைக் குறிக்கும் பத்தியின் தலைப்பு
'இழந்த நேரம்'.

அந்தக் கோடையில் நீலக்காரி பிழைத்தாள்.
நம்மில் ஒருவன்தானே என்று
அவளைத் தாண்டிப் பறந்தார்கள்.
சாயங்காலம் மிதக்கும் தண்டில் தனியே அமர்ந்து
வால் வளைத்து
ஒவ்வொன்றாக முட்டை செருகினாள்.
யாரும் இழுக்காத ஒரு மணி நேரத்துக்கு
எத்தனை மகள்கள் என்பதை
அடுத்த ஆண்டின் வலை சொன்னது.

மகள்களும் நீலம், பேத்திகளும் நீலம்.
குளமே நீலமானபோது
கண்களும் நீலத்தைப் படித்துக்கொண்டன.
ஊரே போட்ட முக்காட்டுக்குள்
யார் மறைய முடியும்?
துருப்பெண் ஒருத்தி
ஆளில்லாத கரையில் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஓடீல் இதையெல்லாம் கேட்டுவிட்டு
மிதவையைப் பார்த்தபடி
"பாவம்" என்றார்.
யாரைச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

ஜூனில் இருட்டப் பத்து மணிக்கு மேலாகும்.
ஹில்டே சைக்கிள் பையிலிருந்து
அண்ணனின் மழைக்கோட்டை எடுத்தாள்.
மழை இல்லை.
தோள் இரண்டு அளவு பெரிது.
கூந்தலைக் காலருக்குள் திணித்து
தொப்பியை இறக்கிவிட்டாள்.
நெடுஞ்சாலைப் பாலத்தடியில்
ஒரு கார் வேகம் குறைத்து,
விளக்கை உயர்த்தி,
ஒரு நொடி பார்த்து,
போய்விட்டது.

வீட்டில் குறிப்பேட்டைத் திறந்தாள்.
முந்நூற்றுப் பன்னிரண்டை இன்று காணவில்லை.
அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.
செத்தவளுக்கும் அதே கோடுதான்,
யார் கண்ணிலும் படாமல்
எங்கோ நாணலில் இருப்பவளுக்கும்.