ரிக்ஸ்ட் 61-இன் மூச்சு

எனக்கு அந்த வாசனை தெரியாது.
பிறவியிலேயே மூக்கில் அந்த ஒரு கதவு இல்லை.
கல்லூரித் தொழுவத்தில் எல்லோரும்
அழுகத் தொடங்கிய பேரிக்காய் என்றார்கள்,
நகச்சாயம் அழிக்கும் திரவம் என்றார்கள்.
நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.
பையில் எப்போதும் ஒரு மீட்டர்.

டோக்கும் தாண்டி, கடலணைக்கு அடியில்,
விடியாத நவம்பர்.
ரிக்ஸ்ட் 61 ஈன்று பன்னிரண்டு நாள்.
தீவனத்தை முகர்ந்து முகம் திருப்புகிறது.
மடி மட்டும் நிறுத்தவில்லை:
நாளுக்கு நாற்பத்தைந்து லிட்டர்.

வாலடி நரம்பில் ஒரு சொட்டு.
பத்து நொடி.
3.4.

இருந்த சர்க்கரையெல்லாம் பாலின் இனிப்புக்குப் போய்விட்டது, வீப்ரென்.
இனி முதுகுக் கொழுப்புதான் விறகு.
கல்லீரல் அதை
இரண்டிரண்டு கார்பனாய்த் தறிக்கிறது.
அடுப்பு கொள்ளாத துண்டுகளை
நாலு நாலாய்க் கட்டி
ரத்தத்தில் விடுகிறது.

பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட்.
கீட்டோன் என்று ஊர் அழைக்கும்; கீட்டோன் அல்ல.
அதன் உடன்பிறப்பில்
கார்பனும் ஆக்சிஜனும் இரு கைகளும் கோத்து நிற்கும்.
இதில் ஒரு கையை விலக்கி
ஆளுக்கொரு ஹைட்ரஜனைப் பற்றிக்கொண்டன.
அவ்வளவுதான் வித்தியாசம்.
கை விடாத உடன்பிறப்போ
தானாகவே உடைந்து, அசிட்டோனாகி,
மூச்சில் ஏறிப் போய்விடும்.
எனக்குத் தெரியாத வாசனை அது.

கல்லீரலுக்குச் சமைக்கத் தெரியும்,
உண்ணத் தெரியாது.
அதற்கான நொதி அங்கே இல்லை.
இதயம் உண்ணும், தசை உண்ணும், சிறுநீரகம் உண்ணும்.
சமைத்த இடத்தில் ஒரு கவளம் தங்காது.

நாக்கை ஒதுக்கி, கடைவாயோரம்
கிளைகால் ஊற்றினேன், முந்நூறு மில்லி.
ரிக்ஸ்ட் இருமியது. என் கழுத்தெல்லாம் எச்சில்.
துடைக்கக் குனிந்தவர்
நிமிராமல் சொன்னார்:
"உன்கிட்டயும் அடிக்குது."
"எது?"
"இவளோட வாசனை."

நேற்றுக் காலை ஒரு ஆப்பிள்.
பிறகு ஹோல்வெர்டில் வயிறு கிழித்து ஒரு கன்று,
இன்னொரு கொட்டிலில் உயிரில்லாத ஒன்று,
பிறகு மழை.
விரலைக் குத்திப் பார்த்தேன்.
0.9.

பசுவின் மூளை இதை அவ்வளவாகச் சீண்டாது.
மனித மூளைக்கு அந்த நாசூக்கு இல்லை.
இரவு முழுக்க அணைச் சாலையில்
வளைவுகளை எண்ணி வந்ததில்
என் இடுப்பும் கொஞ்சம் எரிந்திருக்கிறது,
எனக்குச் சொல்லாமல்.

ரிக்ஸ்ட் வைக்கோலில் ஒரு தாளை இழுத்தது.
மென்றதா, விட்டுவிட்டதா, பார்க்க முடியவில்லை.
வீப்ரென் கத்தியைக் கால்சட்டையில் துடைத்து
கறுத்த ரொட்டியை அறுத்தார்.
மேலே கட்டை விரல் கனத்துக்கு வெண்ணெய்.

அந்த நீளப் பெயரின் நடுவில்
வெண்ணெய்தான் ஒளிந்திருக்கிறது, பழைய மொழியில்,
என்று சொல்ல வாயெடுத்தேன்.
வாய் நிறைய ரொட்டி.