நாலு மில்லிமீட்டர்

ரூவி கடையில் அந்த ஷூவைச்
சப்பாத்திபோல் சுருட்டிக் காட்டினான் பையன்.
அடிப்பாகம் நாலு மில்லிமீட்டர்.
விலை மட்டும் தடிமன்.

"இதுக்கு வெறுங்காலே போதுமே"
என்றான் இன்னாசிமுத்து.
கணக்குப் பிரிவுக்குச் செருப்போடு வருகிறவன்.
வாரத்தில் ஆறு நாள்
இரும்புமூக்கு பூட்ஸுக்குள்
என் பத்து விரலும்
இரண்டே விரலாய்க் கிடப்பது
அவனுக்கு எங்கே தெரியும்?

வெள்ளி விடியலில்
ரியாமிலிருந்து மத்ராவுக்கு மலைவழி.
முதல் கல்லே பேசியது,
கெட்ட வார்த்தை.
குதிகால் குத்தி ஓடும் பழக்கம்
பத்தடியில் செத்தது.
பூனைபோல் முன்பாதம் வைத்தேன்.

கடல் தெரிந்த இறக்கத்தில்
சுண்டுவிரல் தனியே விரிந்து
ஒரு பாறையைப் பிடித்தது.
யாரைக் கேட்டு?

இன்று சனி. மறுபடி பூட்ஸ்.
கெண்டைக்கால் கடுக்கிறது.
ஒன்பது விரல் அடங்கிவிட்டன.
அது மட்டும்
மடங்க மாட்டேன் என்கிறது.