புருவத்துக்கு ஒரு இருக்கை

சேஹா, சேஹா, சேஹா, சேஹா.
ஒரே மூச்சில் நாலு.
ஐந்தாவதற்குள் சிக்னல் மாறிவிடும்.

சேஹா என்றால் புருவம்.
லா பாஸ் குழிக்குள் கிடக்கும் ஊர்;
குழியின் விளிம்பில், எல் ஆல்ட்டோ தொடங்கும் இடத்தில்
புருவம்.
நெமேசியோ ஓட்டுகிறார்.
கதவில் தொங்கிக்கொண்டு
ஆள் கூப்பிடுவது நான்.

வெளியூர்க்காரர்கள் என்னிடம்தான் வழி கேட்பார்கள்,
உரக்கக் கத்துகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று.
நிலாப் பள்ளத்தாக்கா? மல்லாசா பலகை பார்த்து ஏறுங்கள்.
தியவானாக்கு கற்களா? கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள்,
பயப்படாதீர்கள், வண்டி அங்கேதான் நிற்கும்.
ஏரிக்கும் அங்கேயே.
பாதி வழியில் தண்ணீர் குறுக்கிடும்.
நீங்கள் இறங்கிச் சின்னப் படகில் போகவேண்டும்;
பேருந்து தனியே ஒரு தெப்பத்தில் ஏறி
டிக்கெட் எடுத்த பெரியமனிதர்போல
ஆடி ஆடி வந்து சேரும்.
சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.
தலை சுற்றினால் கோக்கா இலைத் தேநீர்,
சுற்றாவிட்டாலும்.
வரிக்குதிரை வேஷத்தில் ஒருவர் வந்து
கைப்பிடித்துச் சாலை கடத்திவிட்டால்
மிரளவேண்டாம். அது நகராட்சி வேலை.

போன ஞாயிறு நெமேசியோவுக்குக் காய்ச்சல்.
வீடு திரும்ப, முதல்முறையாக,
எங்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போகிறதென்று
ஏழு வருஷமாய் நான் திட்டிவந்த
சிவப்பு ரோப்காரில் ஏறினேன்.

யாரும் கூப்பிடவில்லை.
கதவு தானே திறந்தது, தானே மூடியது.
பந்தோடு ஒரு பையன்,
ரொட்டி மூட்டையோடு ஒரு அம்மாள்,
மலைக்குளிருக்கு மெல்லிய சட்டையில்
வெளிநாட்டுத் தம்பதி.
ஒருவரும் பேசவில்லை. காது அடைத்தது,
உயரத்தாலா, அமைதியாலா, தெரியவில்லை.

கீழே இறந்தவர்களின் மாடிவீடுகள்,
ஆளுக்கொரு கண்ணாடிக் கதவு, ஆளுக்கொரு பூ.
அதை ஒட்டிய முடுக்கில்
தீப்பெட்டி அளவு மினிபஸ் ஒன்று மாட்டிக்கொண்டு நிற்க,
கதவில் தொங்கியபடி யாரோ ஒரு பெண்.
வாய் திறந்து மூடுவது தெரிந்தது.
சத்தம் இவ்வளவு தூரம் ஏறவில்லை.

நான் இப்படித்தான் இருப்பேனா?
தொண்டையைத் தொட்டுப் பார்த்தேன்.

அப்போதுதான் அந்த வெளிநாட்டம்மா,
உடைந்த ஸ்பானிஷில், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்,
இது எங்கே போகிறது என்று கேட்டாள்.

சேஹா, சேஹா, சேஹா, சேஹா!

கண்ணாடி அதிர்ந்தது. அவள் கணவன்
கைப்பிடியைப் பற்றிக்கொண்டான்.
சொன்னதும் தப்பு வேறு:
சிவப்பு சேஹாவுக்குப் போகாது,
ஜூலை பதினாறு சந்தையில் இறக்கிவிடும்,
அங்கிருந்து நடக்கவேண்டும்.
திருத்துவதற்கு வாய் எடுத்தேன்.

அதற்குள் ரொட்டிக்கார அம்மாள்,
மூட்டையிலிருந்து தலை நிமிராமல்,
தெருவில் தினமும் சொல்கிற அதே குரலில்:

"மூலையில நிறுத்தும்மா, இறங்கணும்."