காரணம் என்ற கட்டம்

ஏப்ரலில் ஹார்டாங்கர் சாலையை மூடிவிட்டு
எங்களைக் கயிற்றில் இறக்குவார்கள்.
கீழே ஃபியோர்டு, மலைகளுக்குள் கால் நீட்டிய கடல்.
அதன் விளிம்பில் ஆப்பிள் தோட்டங்கள்.
நடுவே ஒற்றைப் பேருந்து போகும் அகலத்தில் தார்.

என் வேலை பாறையைத் தட்டிக் கேட்பது.
கடப்பாரை பட்டதும்
கணீரென்றால் அது மலை.
பொத்தென்றால், மலையாக இருந்தது.

இன்று பொத்தென்றது.

விரல் நுழையாத பிளவு.
குளிர்காலம் முழுக்க உள்ளே நடந்ததை
நான் பார்க்கவில்லை, ஆனாலும் தெரியும்:
பகலில் உருகிய பனி சொட்டுச் சொட்டாய் இறங்கும்,
இரவில் உறைந்து
படுக்க இடம் போதாமல் முழங்கையால் இடிக்கும்,
மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல்
இன்னும் கொஞ்சம் ஆழம் போகும்.
இப்படி எத்தனை ஆயிரம் இரவு என்று ஷூரைக் கேட்டால்
"நமக்கு மணிக்கணக்கில்தான் சம்பளம்" என்பான்.

பிளவின் வாயில் ஒரு பிர்ச் கன்று,
என் முழங்கால் உயரம்.
கல்லை அசைக்காமல் அதைப் பிடுங்க முடியாது,
அதைப் பிடுங்காமல் கல்லை அசைக்க முடியாது.
இருவரும் சேர்ந்து நெம்பினோம்.

கல் போனது
மூன்று முறை பாறையில் மோதி,
நாலாவது முறை தாரில்.
கன்று என் கையுறையில் தங்கிவிட்டது.
அதன் வேர் தட்டையாக, மெலிதாக,
புத்தகத்துக்குள் மறந்துபோன நாடாபோல.
உருண்டு திரண்டிருக்க வேண்டியது
கிடைத்த இடத்தின் வடிவத்துக்கே வளர்ந்திருந்தது.
நுனியில் மாவுபோல் ஏதோ ஒட்டியிருந்தது.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
மலைதான்,
மண்ணாகத் தொடங்கியிருந்தது.

மதியம் குட்வெய்கின் தோட்டத்தில் ரொட்டி தின்றோம்.
இரண்டாம் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் நடுவே
வேன் அளவில் ஒரு கல்.
அவள் பள்ளியில் படித்த காலத்தில், ஒரு மார்ச் இரவில்,
கதவைத் தட்டாமல் வந்ததாம்.
வெடிவைக்க ஆள் வந்தான்.
அவள் அப்பா கூலி எவ்வளவு என்று கேட்டுவிட்டு
அவனைக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.
இப்போது அதன் நிழல்புறத்தில் பாசி,
பாசிக்குள் பெயர் தெரியாத ஒரு முளை,
வெயில்புறத்தில் சாய்த்த ஏணி.
"இதுவும் உரம்தான்," என்றாள் குட்வெய்க்,
ஆப்பிளை நறுக்கிக்கொண்டே,
"வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும்."

மாலையில் படிவம்.
விழுந்த கல்லின் எடை: அரை டன், உத்தேசமாக.
சேதம்: தாரில் ஒரு குழி.
காரணம்: ஒரே ஒரு சொல்லுக்கான கட்டம்.

தண்ணீர் என்று எழுதினேன்.
அடித்துவிட்டு மரம் என்று எழுதினேன்.
மரம் வந்தது தண்ணீர் திறந்த வழியில்;
தண்ணீர் தங்கியது மரம் பிடித்துவைத்த ஈரத்தில்.
யார் முதலில் என்று
அவை தங்களுக்குள் கேட்டிருக்காது.
ஷூர் இரண்டாம் முறை ஹாரன் அடித்தான்.
மரத்தையும் அடித்துவிட்டு
ஏப்ரல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தடுப்புக் கட்டையை விலக்கினோம்.
காத்திருந்த பேருந்து நகர்ந்து,
நாங்கள் ஏற்படுத்திய குழியில் இறங்கி ஏறி,
அதற்குள் தேங்கிவிட்ட தண்ணீரைப்
பாறையின் மேல் இறைத்துவிட்டுப் போனது.