கீழ் வரி

பள்ளிக்கூடச் சான்றிதழைத் தானே புயல் கொண்டுபோனது.
தானே வந்தது, தானே எடுத்துக்கொண்டது,
யாரிடம் ரசீது கேட்பது.

இப்போது பாஸ்போர்ட்டுக்காகப்
பிறந்திருக்க வேண்டியிருக்கிறது.
மஸ்கட்டில் மகளுக்கு எட்டாம் மாதம்.
அவளை நான் பெற்றதற்கு அவளிடம் தாள் இருக்கிறது.
என்னைப் பெற்றதற்குத்தான் இல்லை.

கடலூர் நகராட்சி, பிறப்பு இறப்புப் பிரிவு.
முதல் முறை வந்தபோது சர்வர் இல்லை.
இரண்டாம் முறை ஜெபமணி மேடம் இல்லை.
இன்று இருவரும் இருக்கிறார்கள்,
ஆனால் எண்பத்து மூன்றாம் வருடம்
இன்னும் கணினியில் ஏறவில்லையாம்.
பீரோவிலிருந்து இறங்குகிறது:
முதுகு விட்ட பதிவேடு,
பிள்ளை பெற்றவள் வயிற்றுத்துணி போல
சுற்றிலும் ஒரு காடா நாடா.

எச்சில் தொட்டுப் புரட்டுகிறார்.
அக்டோபர். இருபத்தேழு.
"அப்பா பேரு?"
கலியபெருமாள்.
"அம்மா?"
அஞ்சலை.
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்கிறார்,
"இதுல நீங்க எது?"

ஒரே நாள், ஒரே மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரி,
ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு பெண்.
இரண்டுக்கும் அப்பன் கலியபெருமாள், ஆத்தாள் அஞ்சலை.
எங்கள் பக்கம் கல்லை விட்டெறிந்தால்
ஒரு கலியபெருமாள் மேல்தான் படும்,
அவன் அஞ்சலையைத்தான் கூப்பிடுவான்.
முகவரி என்ற இடத்தில் இருவருக்கும் கடலூர்.
குழந்தையின் பெயர் என்ற இடத்தில்
இருவருக்கும் ஒரு கோடு.

"ரெட்டையா?"
இல்லை மேடம், ஒத்தை.
அம்மாவின் வயது மட்டும் வேறு வேறு.
மேல் வரியில் பத்தொன்பது.
கீழ் வரியில் இருபத்து நான்கு.
"அம்மாவுக்கு அப்ப என்ன வயசு?"

எனக்குப் பதினொன்று நடக்கும்போது போய்விட்டாள்.
வயதெல்லாம் கேட்டுக்கொள்ளுமளவுக்கு
எங்களுக்குள் பேச்சு முற்றவில்லை.

எதற்கும் பார்த்துவிடலாமென்று
இறப்புப் பதிவேட்டையும் எடுத்தார்.
அந்த வருடம் முழுக்க விரல் போனது. அடுத்த வருடமும்.
"இல்ல. அப்ப ரெண்டு பேருமே இருக்கீங்க."
யாரென்று தெரியாத ஒருத்திக்காக
ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது.

அப்பாவுக்குப் போன் போட்டேன்.
நான் கத்தியது அலுவலகத்துக்கே கேட்டது,
அவர் சொன்னது எனக்கு மட்டும்.
வயசெல்லாம் யார் கண்டா,
கட்டிக்கிட்டு வந்தப்ப
எறவானம் அவ தலையில இடிக்கல.
நீ பொறந்தது இருட்டுல.
சங்கு ஊதல இன்னும்.
வெந்நிக்கு டீக்கடை டீக்கடையா அலைஞ்சேன்,
ஒருத்தனும் தொறக்கல.

மேல் வரியில் நேரம் நான்கு பத்து.
கீழ் வரியில் பகல் பதினொன்று நாற்பது.

பத்தொன்பதோடு பதினொன்றைக் கூட்டினால் முப்பது.
எனக்கு முன்னால் இரண்டு அண்ணன்கள்.
கழித்துப் பார்க்கத் தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.

சான்றிதழில் அம்மாவின் வயது அச்சாகாது.
தெரியும்.

"கீழ இருக்கறது" என்றேன்.

கோட்டின் மேலேயே எழுதினார், பெரியநாயகி.
பச்சை மை. கொஞ்சம் ஊறியது.
பணம் கட்டச் சொன்னார், வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.
மேல் வரியில் அந்தக் கோடு
அப்படியே கிடந்தது.

பகலில் பிறந்தவளே,
உனக்கும் ஒருநாள் இந்தத் தாள் தேவைப்படும்.
நீ வந்து நிற்கும்போது
உன் இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.
மேடம் மேல் வரியைக் காட்டுவார்,
அம்மாவுக்குப் பத்தொன்பது என்பார்.
நீ சண்டை போடலாம், நியாயம் உன் பக்கம்.
போடவில்லையென்றால்
அவளையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போ.
பஸ் ஸ்டாண்டில் கூட்டமாக இருக்கும்,
கையை விட்டுவிடாதே.
சின்னப் பெண்.